கழுத்தைத் திருப்பிய பொம்மை

கிருத்திகா சிரித்தாள். ஜாஸிமால் அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

பாலக்காட்டில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே அவளுடைய துப்பறியும் ஆபீஸ். அங்கே உதவியாளனாகச் சேர்ந்த நாளிலிருந்து அவளைச் சிரிக்க வைக்க ஜாஸிம் படாத பாடு பட்டுக்கொண்டிருக்கிறான். நாலு ஜோக் அடித்தால் ஒரு உதட்டுச் சுழிப்பு கிடைக்கும், அதுவும் நல்ல நாளாக இருந்தால். இங்கே மீனாட்சிபுரத்தில், சாய்ந்து கிடந்த வாழைத் தோட்டத்துக்கு நடுவில், விவசாய இலாகாவின் கிருஷி பவன் ஆபீசர் சிவப்பிரகாஷ், "சேறு வழுக்கும், பாத்து," என்று மட்டும்தான் சொன்னான். அதற்கு வாய் கொள்ளாத சிரிப்பு. சேறு வழுக்கும் என்பதில் அப்படி என்ன நகைச்சுவை என்று ஜாஸிமுக்கு விளங்கவில்லை.

தூறலுக்கு அந்த ஆபீசர் அவள் தலைக்கு மேல் பிடித்திருந்த குடை வேறு ஜாஸிமுடையது. கோவிந்தாபுரத்தில் அவன் அத்தாவின் கடையிலிருந்து புதிதாக எடுத்து வந்தது.

"ஏனுங்க, நீங்க நனையறீங்களே," என்றார் பக்கத்தில் நின்ற மோகனசுந்தரம்.

"பரவால்லீங்க. உள்ள எரியறதுக்கு இதமாத்தான் இருக்கு," என்றான் ஜாஸிம்.

மோகனசுந்தரம்தான் அவர்களை வரவழைத்தவர். ஆனி மாதம் கணவாய் வழியாக வந்த பேய்க்காற்றில் அவருடைய நேந்திரன் வாழை மொத்தமும் தாரோடு படுத்துவிட்டது. சிவப்பிரகாஷ் வந்து பார்த்து, நஷ்டபரிகாரம் கொடுக்கலாம் என்று எழுதிவிட்டுப் போனான். அதோடு முடிந்திருக்க வேண்டிய கதை. பிறகு வாட்ஸாப்பில் ஒரு வீடியோ கிளம்பியது. விழுந்து கிடக்கும் வாழைகளுக்கு நடுவே ஒரு திருஷ்டி பொம்மை. தலைக்குக் கவிழ்த்த கரிப்பானை, அதில் சுண்ணாம்பில் வரைந்த கண்ணும் பல்லும், உடம்புக்கு ஒரு பழைய சட்டை. ஒரு கீறல் இல்லாமல் நிமிர்ந்து நின்றது. 'இத்தனை வாழையைச் சாய்ச்ச காத்து ஒரு பானையைச் சாய்க்கலையா?' என்று அடியில் ஒரு வரி. ஊரே சிரித்தது. காற்றே அடிக்கவில்லை, பணத்துக்காக மோகனசுந்தரமே வெட்டிச் சாய்த்தார், ஆபீசரும் கூட்டு என்று பேச்சு முற்றி, வர வேண்டிய பணம் நின்றுபோனது. இன்று மத்தியானத்துக்குள் விஜிலன்ஸ் வருகிறது. அவர்களும் அதையே சொல்லிவிட்டால் மோகனசுந்தரம் மேல் வழக்கு, சிவப்பிரகாஷுக்கு வேலை காலி.

இரண்டாவது பாதியை நினைத்தபோது ஜாஸிமின் மனதில் ஒரு ஓரத்தில் குளிர்ந்தது. அதை அவன் வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

"அந்தப் பொம்மையை நான் வெக்கவே இல்லீங்க. எங்கிருந்து மொளைச்சுதுன்னே தெரியலை. சொன்னா ஒருத்தரும் நம்ப மாட்டீங்கறாங்க," என்றார் மோகனசுந்தரம்.

"ஆபீசர் எடுத்த போட்டோவுல பொம்மை இருக்குங்களா?" ஜாஸிம் சிவப்பிரகாஷின் முகத்தைப் பார்த்துக் கேட்டான்.

"இல்ல. ஆனா நான் ரோட்டுப் பக்கமிருந்துதான் எடுத்தேன். இந்த மூலை அதுல வரலை."

"அடடா, இந்த மூலை மட்டும் வரலை," என்று ஜாஸிம் கிருத்திகாவைப் பார்த்தான். அவள் அதைக் காதில் வாங்காமல் பொம்மையிடம் போனாள்.

பொம்மை தோட்டத்தின் மேற்கு மூலையில், கம்பி வேலியை ஒட்டி நின்றது. வேலிக்கு அந்தப் பக்கம் மோகனசுந்தரத்தின் அண்ணன் குப்பண்ணனின் வீடும் தோட்டமும். கிருத்திகா பொம்மையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள்.

"ஜாஸிம், இதைப் பாத்தா உனக்கு என்ன தோணுது?"

"சம்பந்தி சண்டைல மூஞ்சியைத் திருப்பிட்டு நிக்கற மாதிரி இருக்குங்க மேடம்."

சும்மா சொன்னதுதான், ஆனால் உண்மை. சட்டைப் பொத்தான்கள் வேலியைப் பார்த்திருந்தன. பானையில் வரைந்த முகம் நேர் எதிராக, ரோட்டைப் பார்த்திருந்தது. முதுகுப் பக்கம் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றது பொம்மை.

"வீடியோவைப் போடு."

போட்டான். வீடியோவில் பொத்தானும் முகமும் ஒரே பக்கம், வேலியைப் பார்த்தபடி.

"காத்துல திரும்பியிருக்கும்," என்றான் ஜாஸிம்.

"வீடியோவே காத்துக்கு அப்புறம் எடுத்தது. அதுக்குப் பிறகு துணி காயற அளவுக்குக்கூடக் காத்து வரலை."

"அப்ப யாரோ கை வெச்சு திருப்பியிருக்காங்க. ஆதாரத்தைக் கலைக்க." ஜாஸிம் குரலைத் தாழ்த்தினான். "வேலை போயிரும்னு பயப்படறவங்க யாரோ."

"ஆதாரத்தைக் கலைக்கறவன் பொம்மையைப் புடுங்கி ஆத்துல போடுவான். கழுத்தை மட்டும் திருப்பிட்டுப் போக மாட்டான். உனக்கு இந்தக் கேஸ் முடியணுமா, சிவப்பிரகாஷ் முடியணுமா?"

ஜாஸிம் வாயை மூடிக்கொண்டு பொம்மையின் இடுப்பைப் பார்த்தான். குறுக்குக் கம்பைச் சேர்த்துக் கட்டியிருந்த மஞ்சள் பிளாஸ்டிக் கயிற்றின் ஒரு நுனியில் பெரிய சுருக்கு ஒன்று சும்மா தொங்கியது.

"இது இவனுக்கு அளவெடுத்த பெல்ட் இல்லீங்க. யாரோ குண்டானவரோட பெல்ட்டை வாங்கி மாட்டிருக்கான்."

கிருத்திகா சட்டென்று திரும்பினாள். "இன்னொரு தடவை சொல்லு."

"குண்டானவரோட பெல்ட்."

அவள் கயிற்றை அவிழ்த்தாள். விழுந்து கிடந்த வாழை ஒன்றின் கழுத்தில், தாருக்குக் கீழே, அந்தச் சுருக்கை மாட்டினாள். கச்சிதமாக உட்கார்ந்தது. சுருக்கின் உள்பக்கம் முழுக்கக் கருப்பாக வாழைக்கறை. சுற்றிலும் கிடந்த வாழைகளின் கழுத்திலெல்லாம் இதே மஞ்சள் கயிறு, இதே சுருக்கு. காற்றுக்குத் தாங்கட்டும் என்று ஒன்றோடொன்று இழுத்துக் கட்டியது. இந்த ஒரு வாழைக்கு மட்டும் கயிறு இல்லை.

"போன வருசத்துக் கயிறா இருக்குமா?" என்றான் சிவப்பிரகாஷ்.

"போன வருசம் இங்க கடலைதானுங்க போட்டிருந்தேன். கயிறே இப்பத்தான் வாங்கினது," என்றார் மோகனசுந்தரம்.

"தார் தொங்கற வாழையோட கழுத்துக் கயித்தை எந்த விவசாயியும் அவுக்க மாட்டான்," என்றாள் கிருத்திகா. "வாழை விழுந்தப்புறம்தான் இந்தக் கயிறு சும்மா கெடந்திருக்கு. அப்புறம்தான் பொம்மைக்கு வந்திருக்கு. காத்து வந்தப்ப இந்தப் பொம்மை இங்க இல்லை."

மோகனசுந்தரம் மேல்துண்டால் முகத்தைத் துடைத்தார். கண்ணையும் சேர்த்துத்தான் துடைத்தார்.

"பிரமாதம் கிருத்தி," என்றான் சிவப்பிரகாஷ்.

கிருத்தி. ஜாஸிம் அதை மனதுக்குள் ஒரு தரம் சொல்லிப் பார்த்தான். பெல்ட் என்று சொன்னது யார், பாராட்டு யாருக்கு, பெயரைச் சுருக்கிக் கூப்பிட இவனுக்கு யார் உரிமை கொடுத்தது?

"என்ன, பொம்மைக்குச் சீமந்தமா நடக்குது?" என்று வேலிக்கு அப்பாலிருந்து ஒரு குரல் வந்தது.

குப்பண்ணனின் மனைவி நாச்சம்மாள். புருஷனுக்கு மூட்டு வலி வந்ததிலிருந்து தோட்டத்தை ஒற்றை ஆளாகப் பார்ப்பவள். கையில் சொம்பு நிறைய மோர். மோரைக் கொடுத்த வேகத்தில் பேச்சையும் ஆரம்பித்தாள்.

"ஆபீசர் இந்தப் பக்கம் எத்தனை நடை வந்துட்டாரு. உழுந்ததைப் பாக்கறதுக்குன்னா எல்லாருக்கும் கால் நீளுது. துக்கம் கேக்க ஊர்சனம் அத்தனையும் வந்து அவங்க ஊட்டு வாசல்ல நின்னுச்சு. என்ற வாழை நிக்குதே, ஒரு ஆளு எட்டிப் பாக்கோணுமே."

"நல்லாத்தான் நிக்குதுங்க," என்றான் ஜாஸிம் மோரைக் குடித்தபடி. அவள் சொன்னது அவனுக்கு நன்றாகவே புரிந்தது.

"நிக்காம? ஒவ்வொண்ணுக்கும் சவுக்குக் கம்பு முட்டுக் குடுத்தேன் தம்பி. கை காப்புக் காச்சுப் போச்சு. எங்க கொழுந்தனாரு கயித்தைக் கட்டிட்டுக் காலை நீட்டித் தூங்கினாரு. அவருக்குத்தான் சர்க்கார் பணம் குடுக்குதாம்."

மோகனசுந்தரம் தலையைக் குனிந்துகொண்டார். ஜாஸிம் வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்தான். வரிசை வரிசையாக வாழை, கோலம் போட்ட மாதிரி முட்டுக் கம்புகள். ஓரத்தில் ஒன்று மட்டும் சாய்ந்து கிடந்தது.

"அது ஒண்ணு ஏமாத்திருச்சுங்களா?"

"மாடு முட்டிருச்சு," என்று சொம்பைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு போய்விட்டாள் நாச்சம்மாள்.

அவள் மறைந்ததும் கிருத்திகா பொம்மையின் அருகில் குனிந்து, கயிற்றைப் பழையபடி கட்டினாள். "திருஷ்டி பொம்மை எந்தப் பக்கம் பாக்கணும் ஜாஸிம்?"

"ரோட்டைப் பாத்துங்க. கண்ணு வெக்கறவன் ரோட்டுலதானே போவான்."

"இது ஏன் வேலியைப் பாத்து நின்னுச்சு?"

ஜாஸிம் வீடியோவை இன்னொரு தரம் பார்த்தான். "போட்டோவுக்குப் போஸ் குடுத்திருக்கு. கேமரா அந்தப் பக்கம் இருந்திருக்கு."

"எடுத்தவங்களுக்குப் பொம்மை இங்க நிக்கணும். ஆனா அது அவங்களையே மொறைச்சுட்டு நிக்கறது தாங்கலை. பானையை மறுபடி வேலிப் பக்கம் திருப்பு, அதை மாத்தி வெக்க அவங்களே வருவாங்க. திருப்பிட்டு எல்லாரும் மோட்டார் ரூமுக்குள்ள வாங்க."

மோட்டார் ரூமில் கிருத்திகா, மோகனசுந்தரம், ஜாஸிம் மூன்று பேரும் நெருக்கியடித்து நின்றார்கள். சிவப்பிரகாஷ் ரோட்டில் விஜிலன்ஸ் ஜீப்புக்காகக் காத்திருக்கப் போயிருந்தான். ஜன்னலில் கண்ணை வைத்துக்கொண்டு ஜாஸிம் மனதுக்குள் வேண்டிக்கொண்டான். வர வேண்டியவன் வரட்டும்.

வந்தான். சிவப்பிரகாஷ் வாழைகளைத் தாண்டி நேராகப் பொம்மையிடம் நடந்து வந்தான். "நான் சொல்லலீங்களா மேடம்," என்று ஜாஸிம் முணுமுணுத்தான். சிவப்பிரகாஷ் குனிந்தான், தூறல் நின்றதும் பொம்மையின் காலடியில் வைத்திருந்த குடையை எடுத்துச் சேற்றைத் துடைத்தான், அடுத்தவர் பொருள் பாழாகக் கூடாது என்பது போல மடக்கி அக்குளில் வைத்துக்கொண்டு திரும்பிப் போனான்.

"குடையைக் கைது பண்ணிட்டுப் போறாரு," என்றாள் கிருத்திகா.

ஜாஸிம் மறுபடி ஜன்னலில் கண்ணை வைத்தான்.

கொஞ்ச நேரத்தில் வேலிக் கம்பி கிரீச்சிட்டது. நாச்சம்மாள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வேலிச் சந்து வழியாக நுழைந்தாள். இரண்டு பக்கமும் பார்த்தாள். பொம்மைக்கு முன்னால் வராமல், பக்கவாட்டில் ஒதுங்கி வந்து, அதன் கண்ணில் படாமலே கையை நீட்டிப் பானையைத் திருப்பினாள். முகம் ரோட்டைப் பார்க்கப் போன பிறகுதான் மூச்சு விட்டாள்.

"நங்கையா," என்றார் மோகனசுந்தரம். அண்ணியை அந்தப் பக்கத்தில் அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவர் மோட்டார் ரூமை விட்டு வெளியே வந்திருந்தார்.

நாச்சம்மாள் ஓடவில்லை. கையைப் பானையிலிருந்து எடுக்கவும் இல்லை.

"இது நிக்கற கம்பு சவுக்குக் கம்பு," என்றாள் கிருத்திகா. "இவரு தோட்டத்துல முட்டுக் கம்பே கிடையாது. உங்க ஓரத்து வாழையை மாடு முட்டலீங்க. நீங்கதான் அதோட முட்டுக் கம்பைப் புடுங்கினீங்க."

"புடுங்கினேன். அது ஒண்ணுதான் என்ற தோட்டத்துல உழுந்துச்சு. அதுக்கு யாரு பணம் குடுப்பாங்க?" நாச்சம்மாளின் குரல் உடைந்தது, ஆனால் தணியவில்லை. "வயிறெரிஞ்சுதுங்க. பொய் சொல்ல மாட்டேன். நான் பாடுபட்டேன், என்றது நின்னுச்சு. நின்னதுனால எனக்கு ஒண்ணுமில்ல. உழுந்தவனுக்குப் பணமும் வருது, அய்யோ பாவமும் வருது. வெள்ளைச் சட்டை போட்ட ஆபீசர் வந்து தோளைத் தட்டிட்டுப் போறாரு. என்னை ஒருத்தன், நாச்சம்மா நல்லா வெச்சிருக்கறயேன்னு ஒரு வார்த்தை சொல்லோணுமே. ஊர் சிரிக்கட்டும்னுதான் வெச்சேன். வழக்கு வரைக்கும் போகும்னு நெனைக்கலை."

"அப்புறம் எதுக்கு முகத்தைத் திருப்பினீங்க?"

"அது என்ற ஊட்டையே பாத்துட்டு நின்னுச்சு. பொறாமைக் கண்ணு எங்க இருக்குன்னு அதுக்குத் தெரியுமில்ல?"

ரோட்டில் ஜீப் வந்து நின்ற சத்தம் கேட்டது.

விஜிலன்ஸ் அதிகாரி ஆசீர்வாதம் சாந்தன்பாறைக்காரர். ஏலத்தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்து வளர்ந்து, பாலக்காட்டுக்கு மாற்றலாகி வந்தவர். சேற்றை வைதுகொண்டே வந்தார். கிருத்திகா கயிற்றைக் காட்டினாள், வாழையின் கழுத்தில் மாட்டிக் காட்டினாள். அவர் இரண்டு தரம் தானே மாட்டிப் பார்த்தார்.

"கயிறு சொல்லுதது சரிதான். காத்துக்குப் பொறவுதான் பொம்மை வந்துருக்கு. அப்ப யாரு கொண்டாந்து நட்டா? அதச் சொல்லுங்க. இவர மாட்டி விடணும்னு நட்டிருந்தா அந்த ஆள நான் சும்மா விட மாட்டேன்."

நாச்சம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். கிருத்திகா மோகனசுந்தரத்தைப் பார்த்தாள். அவர் சொன்னால் அதுதான் புகார்.

மோகனசுந்தரம் தொண்டையைச் செருமினார். "நான்தானுங்க வெச்சேன்."

"என்னய்யா கதை விடுதீரு? நீருதான வைக்கலைன்னு எழுதிக் குடுத்தீரு?"

"வெக்கமா இருந்துச்சுங்க. பணம் வருதுன்னு தெரிஞ்சதும் ஊர்ல பாக்கற கண்ணே மாறிப்போச்சு. பயந்துபோய் வெச்சேன். உழுந்து கெடக்கற தோட்டத்துக்குத் திருஷ்டி பொம்மை வெச்சேன்னு சொன்னா சிரிக்க மாட்டாங்களா? அதான் இல்லைன்னுட்டேன். கம்புகூட எங்க நங்கையாகிட்ட கேட்டுத்தான் வாங்கினேன்."

ஆசீர்வாதம் அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார். "நஷ்டத்துக்கே திருஷ்டி கழிச்ச ஆள இப்பத்தான்யா பாக்கேன். எங்க ஊர்ல ஏலம் காஞ்ச வருசம் இது யாருக்கும் தோணலை. சரி, நான் எழுதிருதேன். பணம் வந்துரும். இந்தக் கயித்துச் சங்கதிய மொதல்ல பாத்தது யாரு?"

"ஜாஸிம் சார்," என்றான் சிவப்பிரகாஷ் கொஞ்சமும் யோசிக்காமல். "அவர் சொல்லலைன்னா எங்க யாருக்கும் புரிஞ்சிருக்காது. என் வேலையைக் காப்பாத்தினதே அவருதான்." மடக்கி வைத்திருந்த குடையை இரண்டு கையாலும் ஜாஸிமிடம் நீட்டினான்.

ஜாஸிம் குடையை வாங்கிக்கொண்டான். காலையிலிருந்து அவனைப் பற்றி நினைத்ததெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. இவன் கெட்டவனாகவாவது இருந்து தொலைந்திருக்கலாம்.

ஜீப் கிளம்பியது. மோகனசுந்தரம் அதன் பின்னாலேயே ரோடு வரை போனார். நாச்சம்மாள் ஜாஸிமின் பக்கத்தில் வந்து நின்றாள்.

"பாத்தயா தம்பி? என்னைக் காட்டிக் குடுத்திருந்தாக்கூட ஆறியிருக்கும். இப்ப இதுலயும் அவனே பெரிய மனுசனாயிட்டான்."

"எனக்கும் அதே வியாதிதானுங்க," என்றான் ஜாஸிம், குடையைப் பார்த்தபடி.

கிருத்திகா அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். சிவப்பிரகாஷைக் கூப்பிட்டாள். "விழுந்ததை இத்தனை நடை வந்து பாத்தியே, நிக்கறதை ஒரு நடை பாக்க மாட்டியா? வா."

நாச்சம்மாள் முதலில் நம்பவில்லை. பிறகு முன்னால் நடந்தாள். முட்டு எப்படிக் கொடுப்பது, கம்பை எந்தச் சாய்வில் ஊன்றுவது, எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டே போனாள். சிவப்பிரகாஷ் ஒவ்வொன்றாக நின்று பார்த்தான். இந்தக் காற்றுக்கு இப்படி ஒரு தோட்டம் தப்பியதை எங்கேயும் பார்க்கவில்லை என்றான். மற்ற விவசாயிகளைக் கூட்டிவந்து காட்டட்டுமா என்று கேட்டான். நாச்சம்மாளின் முகம் மலர்ந்தது. மலர்ந்த முகம் அடுத்த நொடியே சுருங்கியது.

"ஊரே வந்து பாக்குமா?"

"ஆமாங்க. எல்லாரையும் வரச் சொல்றேன்."

அவள் அவசரமாகத் திரும்பினாள். "தம்பி ஜாஸிமு, அந்தப் பொம்மையைப் புடுங்கிட்டு வா சாமி. சுருக்கா."

ஜாஸிம் வேலிச் சந்து வழியாகப் பொம்மையைத் தோளில் சுமந்து வந்தான். முட்டுக் கம்பை இழந்து விழுந்த ஒற்றை வாழைக்குப் பக்கத்தில், அதே பழைய குழியில் சவுக்குக் கம்பை ஊன்றினான்.

"மூஞ்சியை எந்தப் பக்கம் வெக்கட்டும்?"

"கண்ணு வெக்கற ஆளு எந்தப் பக்கமோ, அந்தப் பக்கம்."

தூறல் மறுபடி பிடித்துக்கொண்டது. சற்றுத் தள்ளி சிவப்பிரகாஷ் எதையோ சொன்னான், கிருத்திகா சிரித்தாள். ஜாஸிம் குடையை விரிக்காமல் கொஞ்ச நேரம் அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு பானையைப் பிடித்து, தன் பக்கமாகத் திருப்பி வைத்தான்.